பாலில்லாமல் ஏறிய செம்பு

வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஒரு வருடத்துக்கு மலைக்கோயில் ஏறக்கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் நாலாம் மாதமே ஏறினேன். கும்பிட ஏறவில்லை. முருகனோடு கோபித்துக்கொண்டு ஏறினேன். அங்கே எனக்கு நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். நான் படித்தது கொஞ்சம். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் கூட்டல் குறைத்தல் இல்லை.

எங்கள் வீடு லிங்கநகரில் இருக்கிறது. என் கணவர் பெயின்ட் வேலை செய்தவர். வீடு, பள்ளிக்கூடம், கோயில் மதில் என்று திருகோணமலையில் அவர் தூரிகை படாத தெரு குறைவு. எங்களுக்கு ஒரே மகள், சுகன்யா. உயர்தர வகுப்புப் படிக்கிறாள். இவருக்குக் கால் வீங்கத் தொடங்கி, சாப்பாடு செல்லாமல் போய், ஆஸ்பத்திரியில் காட்டியபோது இரண்டு சிறுநீரகமும் பழுது என்றார்கள். அன்றைக்கு இவர் வார்ட்டில் இருந்து சொன்ன முதல் கதை, "அந்தக் கோயில் மதிலுக்கு இன்னும் ஒரு கோட் அடிக்க வேணும். மழைக்கு முதல் முடிக்காட்டிக் கழண்டுபோகும்." நான் வெளியே வந்து குழாயடியில் நின்று அழுதேன்.

திரியாய்க்குப் போகும் வழியில், பற்றைக்காட்டுக்குள் ஒரு சின்ன மலை இருக்கிறது. உச்சியில் ஒரு கல் வெடிப்பில் வேல் ஒன்று நட்டிருக்கிறது. கூரை இல்லை, பூசகர் இல்லை. நாங்கள் வேலடி மலை என்போம். திருவிழாக் காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் ஆட்கள் போவார்கள். மற்ற நாட்களில் காற்றுத்தான். அந்த மலையின் கல் ஒரே நிறமில்லை. கல்யாணம் செய்த புதிதில் இவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திரியாய்க்குப் போகும்போது வீதியில் நிறுத்திக் காட்டினார்.

"பாத்தியா, அடியில ரெட் ஒக்சைட். நடுவில வெள்ளை பிறைமர். மேல ஆரோ பச்சையைக் கொட்டிப்போட்டான். வேலை முடிக்காமல் சாப்பிடப் போயிட்டான் போல."

"ஏன், நீங்கள் போய் முடிச்சுக் குடுங்கோவன்" என்றேன்.

"ஒரு நாளைக்கு ரெண்டு பேருமா ஏறுவம். நீ தண்ணி கொண்டு வா. நான் மிச்சத்தை அடிக்கிறன்."

அந்த ஒரு நாள் வரவேயில்லை. இவருக்கு எப்போதும் வேலை. பிறகு பிள்ளை. பிறகு வருத்தம்.

வருத்தம் தெரிந்த கிழமையே நான் நேர்த்தி வைத்தேன். இவரைச் சுகமாக்கித் தந்தால் என் கையால் பால் காவிக்கொண்டு வேலடி மலை ஏறுவேன் என்று. அதற்கென்று புதிதாக ஒரு பித்தளைச் செம்பு வாங்கினோம். இவரே புளி போட்டு மினுக்கினார். வீங்கின காலை நீட்டி வைத்துக்கொண்டு மினுக்கினார். "பாலை முட்ட முட்ட வை, என்ன? குறைய வைச்சால் முருகன் பாதிச் சுகம்தான் தருவார்" என்று பகிடி விட்டார். செம்பின் வாயை மஞ்சள் துணியால் மூடி நூலால் கட்டி, சாமி அலுமாரியில் வைத்தேன். பால் ஊற்றும் நாளில்தான் அந்தக் கட்டை அவிழ்ப்பது என்று நினைத்தேன்.

மாசியில் இவர் போய்விட்டார்.

அதற்குமேல் அந்த நாளை எழுத என்னால் முடியாது.

சாவுத் துடக்கு, தீட்டு வீடென்று சாமி அலுமாரியைப் பூட்டியிருந்தோம். அந்தியேட்டிக் கிரியை முடிந்து வீடு கழுவி, அலுமாரியைத் திறந்தேன். முருகன் படத்துக்கு முன்னால் அந்தச் செம்பு. மஞ்சள் துணி கட்டினபடி. மினுக்கம்கூடப் போகவில்லை. நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

சல்லிக் கிராமத்தில் இருக்கும் மச்சாள், இவருடைய தங்கை, பக்கத்தில் நின்றாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். "உதை இனி என்னத்துக்கு அண்ணி உங்க வைச்சிருக்கிறியள்? எடுத்துக் குசினியில பாவியுங்கோவன்."

எனக்கு நெஞ்சில் கத்தி வைத்தமாதிரி இருந்தது. சாமிக்கென்று சொன்ன சாமானைக் குசினியில், சமையலுக்குப் பாவிக்க ஏலாது. சாமிக்குக் கொடுக்கவும் ஏலாது, கேட்டது கிடைக்கவில்லையே. அலுமாரியில் வைத்து நாளும் பார்க்கவும் ஏலாது. விளக்கு வைக்கப் போனால் செம்புதான் கண்ணில் படும். இவருடைய விரல்தான் கண்ணில் படும். பிறகு நான் விளக்கு வைப்பதையே விட்டேன். மகள்தான் வைத்தாள். என்னை ஒன்றும் கேட்கமாட்டாள். அவள் கேட்காமல் இருந்ததும் எனக்குப் பாரமாக இருந்தது.

வைகாசியில் ஒரு நாள் முடிவெடுத்தேன். இந்தச் செம்பைக் கொண்டுபோய் முருகன் காலடியிலேயே வைத்துவிட்டு வருவது. "உனக்கென்று வாங்கினது. நீயே வைத்துக்கொள். இனி உனக்கும் எனக்கும் ஒரு கதையும் இல்லை." இப்படிச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவது.

ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்கள். சாவு நடந்த வீட்டுக்காரி மலை ஏறப்போகிறாள் என்றால் ஊர் என்ன சொல்லும். மகளிடம் சல்லிக்கு மச்சாளிடம் போகிறேன் என்று பொய் சொன்னேன். தொலைபேசியை வேண்டுமென்றே மேசையில் விட்டேன். ஆட்கள் போகாத கிழமை நாளாகப் பார்த்து, செம்பைத் துவாயால் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு காலை பஸ் ஏறினேன்.

நான் இறங்கிய இடத்தில் ஒரு கடைகூட இல்லை. கொண்டக்டர் பெடியன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அக்கா, இஞ்ச ஆரிட்ட வந்தனீங்கள்? யானை நிக்கிற இடம்."

"ஆக்கள் வருவினம் தம்பி. நீங்கள் போங்கோ."

பஸ் போனபின் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று மட்டும் இரைந்தது. வீதிப்பக்கமாக மலைக்கு ஒரு வழி இருக்கிறது. ஆட்கள் ஏறி ஏறிப் படிபோலத் தேய்ந்த கல், பிடித்து ஏறச் சங்கிலியும் உண்டு. ஆனால் அந்த வழியில் ஏறினால் வீதியில் போகிறவர்கள் காண்பார்கள். நெற்றியில் பொட்டில்லாமல், வெள்ளைச் சட்டையோடு ஒருத்தி ஏறுகிறாளே என்பார்கள். அதனால் நான் மலையைச் சுற்றிக் கடற்பக்கம் போனேன். அங்கே மாடுகள் போகும் ஒற்றையடிப்பாதை. அதற்குமேல் வெறுங்கல்.

செம்பைத் துவாயோடு இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். முதலில் லேசாகத்தான் இருந்தது. நான் சின்ன வயதில் மரம் ஏறினவள். பெரிய பெரிய சிவப்புக் கல், ஒன்றின்மேல் ஒன்று. கையை ஊன்றினால் காலை வெயிலுக்கே சுட்டது. கொஞ்ச உயரம் போகச் செருப்பு வழுக்கியது. கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். சிவப்பு முடியும் இடத்தில் வெள்ளைப் பளிங்குக்கல் ஒரு மதில்போல ஓடியது. அதில் பிடித்தேன். கூரான கல். உள்ளங்கை கிழிந்தது. இரத்தம் வெள்ளைக் கல்லில் பட்டதைப் பார்த்தும் எனக்கு நோகவில்லை. அப்படி ஒரு ஆவேசம்.

அந்த வெள்ளையைத் தாண்டித் தலையை உயர்த்தினேன். அங்கேதான் நான் நின்றேன்.

வீதியில் இருந்து பார்க்கத் தெரியாத நிறமெல்லாம் அங்கே இருந்தது. கொய்யாப்பழத்தின் உள்ளே இருக்கும் நிறத்தில் ஒரு கல். அதற்குள் வெள்ளிக்கம்பிபோலக் கோடு. மழைத் தண்ணீர் ஓடி ஓடிக் கறுத்த இடம் சேலைக் கரைபோல நேராக இறங்கியிருந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள், கீறின மஞ்சள் கிழங்கின் நிறம். இவர் சொன்ன பச்சை பாசிபோலக் கல்லோடு ஒட்டியிருந்தது. பச்சைக்குள்ளும் இரண்டு மூன்று பச்சை. கீழே பற்றைக்காடு. அதற்கப்பால் நீலக்கடல்.

நான் திரும்பி, "இஞ்ச பாருங்கோ" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. பின்னால் ஒருவரும் இல்லை. காற்று.

அடியார்களே, இவர் செத்த அன்று நான் அப்படி அழவில்லை. அன்றைக்கு ஆட்கள் நின்றார்கள், பிடிக்கவும் தேற்றவும் ஆள் இருந்தது. அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகை என் உயிர் உள்ளவரைக்கும் எனக்கு மறக்காது. இத்தனை நிறம் இருக்கிறது. இதைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்ல ஒரு மனிதர் இருந்தார். அவர் இல்லை. இனி நான் எதைப் பார்த்தாலும் யாரிடம் சொல்வது.

அழுத கண்ணோடுதான் அடுத்த அடி வைத்தேன். கால் வைத்த கல் பெயர்ந்தது. எதைப் பிடித்தேன், எதில் மோதினேன் என்று தெரியாது. சறுக்கிக்கொண்டு வந்து ஒரு தட்டுப்போல இருந்த கல்லில் விழுந்தேன். ஒரு பாய் விரிக்கிற அளவு இடம். வலது கால் கணுக்காலோடு திரும்பிவிட்டது. பையும் தண்ணீர்ப் போத்தலும் கீழே உருண்டுபோய்ப் பற்றைக்குள் விழுந்த சத்தம் கேட்டது. இடுப்பில் செம்பு மட்டும் இருந்தது.

மேலே பார்த்தால் வழவழப்பான கல், பிடி இல்லை. கீழே பார்த்தால் பனை உயரம்.

கத்தினேன். "ஆரும் நிக்கிறியளோ" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. காற்று என் சத்தத்தைக் கிழித்துக் கொண்டுபோனது. மத்தியானம் திரும்ப மலையின் நிழல் என்மேல் விழுந்தது. கால் பூசணிக்காய்போல வீங்கியது. நா ஒட்டியது. முதலில் எனக்கு, சரி, இப்படியே போகட்டும், இவரிடம் போய்ச் சேருவேன் என்றுகூட வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

பிறகு மகளின் முகம் வந்தது.

அவள் வகுப்பு முடிந்து வருவாள். மச்சாளுக்குப் போன் எடுப்பாள். அண்ணி இங்கே வரவில்லையே என்பாள் மச்சாள். பிறகு கடற்கரையில் தேடுவார்கள், ஆஸ்பத்திரியில் தேடுவார்கள், கிணறெல்லாம் பார்ப்பார்கள். மலையில் தேடமாட்டார்கள். சாவு வீட்டுக்காரி மலை ஏறமாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியுமே. ஊர் முழுக்கத் தேடினாலும் இந்த ஒரு இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். ஆண்கள் எல்லாம் சுற்றி நிற்க, அப்பாவின் முகத்தை மூடினதைப் பார்த்த பிள்ளை அவள். வெள்ளிக்கிழமை வேலுக்கு வருகிறவர்கள் நாற்றம் பிடித்து என்னைக் கண்டெடுத்தால், அவளைத்தான் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

அப்போதுதான் கும்பிட்டேன். இவர் போனபிறகு முதல் முறை. கையைக் கூப்பவில்லை, கை கிழிந்திருந்தது. வாயால் சொன்னேன். "முருகா, இவரைக் கேட்டேன். நீ தரவில்லை. இனி அவரைக் கேட்கமாட்டேன். எனக்கென்றும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை இன்னுமொரு பிணத்தைப் பார்க்க வைக்காதே. இவ்வளவுதான்."

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காகம் வந்து பார்த்துவிட்டுப் போனது. நேரம் போனது. நிழல் பற்றைக்காட்டையும் மூடிக்கொண்டு கடற்பக்கம் நீண்டது. எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது. இதையும் கேட்கமாட்டாயா என்று. துவாயை அவிழ்த்துச் செம்பை எடுத்தேன். மஞ்சள் துணி கட்டினபடியே இருந்தது. ஒரு கல்லை எடுத்து அந்தச் செம்பை அடித்தேன். உதவிக்கு அடிக்கவில்லை. உடைக்கத்தான் அடித்தேன். அழுது அழுது அடித்தேன். டொங், டொங் என்று சத்தம். வாய் கட்டியிருந்ததால் கணீரென்று கேட்காமல், அடைத்த சத்தமாகக் கேட்டது. நெளிந்ததே தவிர உடையவில்லை.

கை சோர்ந்து நிறுத்தினபோது, கீழே இருந்து ஒரு ஆம்பிளைக் குரல் ஏசிக்கொண்டு வந்தது.

"ஏய் சுட்டி! ஒனக்கு இருக்கிற புல்லுக் காணாதா? கல்லும் திங்கணுமா? எறங்குடி கீழ."

நான் பேச வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. திரும்பச் செம்பில் அடித்தேன்.

"கேக்குது கேக்குது. இண்டைக்கு ஒன்ட தோல உரிக்கிறன் பாரு."

மூச்சு வாங்க வாங்க ஒரு தலை பக்கத்துக் கல்லுக்கு மேலால் எழும்பியது. வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, தோளில் கயிறு, கையில் தடி. என்னைக் கண்டதும் அந்த மனிதர் தடியை விட்டுவிட்டார்.

"அல்லாவே. மனுசியா? மாடு எண்டெல்லவா ஏசிக்கொண்டு வாறன்."

"நானா, என்ரை கால் போச்சு. இறங்க ஏலாது." முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"தனியாவா வந்த? கூட ஆரும் இல்லையா புள்ள? புருசன் எங்க?"

"இல்லை நானா. மாசியில மோசம் போயிட்டார்."

அவர் குனிந்து தடியை எடுத்துக் கல்லில் சாத்தினார். பிறகு தோளில் இருந்த கயிற்றை எடுத்தார். "சரி. இனி அழாத. அழுதாக் கை நடுங்கும். கை நடுங்கினா ஏலாது."

அவர் கிண்ணியாக்காரர். வறட்சிக்கு எருமைகளைத் திரியாய்ப் பக்கம் ஓட்டிவந்து பட்டி போட்டிருந்தார். எங்களைவிட அந்தக் கல்லைத் தெரிந்தவர். பக்கவாட்டில் ஒரு வெடிப்பு வழியாக எனக்கு மேலே வந்து, கயிற்றை ஒரு வேரில் சுற்றிக் கீழே விட்டார். "இடுப்பில கட்டு. மாட்டக் கட்டுற முடிச்சுத்தான் எனக்குத் தெரியும், கோவிக்காத" என்று ஒவ்வொரு சுற்றாகச் சொல்லித்தந்தார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவர் இழுக்க, நான் ஒற்றைக்காலால் உந்த, எப்படியோ அந்த வெடிப்புக்குள் வந்துவிட்டேன்.

செம்பைத் தட்டிலேயே விட்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, தடியின் கவையால் கொளுவி அதை எடுத்தார்.

"விடுங்கோ நானா. அது வேண்டாம்."

"இத விட்டுட்டா போறாய்? இது சத்தம் போடாட்டி நான் வந்திருக்கமாட்டன். என்ட சுட்டிக்குத் தகரப் பேணியில செஞ்ச மணிதான் கழுத்தில. அச்சொட்டா இந்தச் சத்தம்தான்."

அவருக்கு நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன். ஏன் கொண்டுவந்தேன் என்றும் சொன்னேன். அவர் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒங்கட வழக்கம் எனக்குத் தெரியா புள்ள. நெளிஞ்சுதான் கிடக்கு. ஒழுகாது போல." அவ்வளவுதான் சொன்னார்.

கீழே இறங்க வெயில் மங்கிவிட்டது. மலையடிக் குளத்துச் சேற்றுக்குள் ஒரு எருமை கழுத்தளவில் சுகமாகப் படுத்திருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. நானா அதைப் பார்த்து வாயில் வந்தபடி ஏசினார். ஏசிக்கொண்டே கிட்டப்போனவர் சட்டென்று நின்றார். அதன் கழுத்தில் மணி இல்லை. கயிறு அறுந்து எங்கேயோ விழுந்திருந்தது.

"ரெண்டு வருசமா அறாத கயிறு" என்றார் மெதுவாக.

அந்த மணி கழுத்தில் இருந்திருந்தால், அவர் நேராகக் குளத்துக்குப் போயிருப்பார். மாட்டை ஓட்டிக்கொண்டு பட்டிக்குப் போயிருப்பார். நான் அடித்த சத்தத்தைக் கேட்டிருந்தாலும் வேறு யாருடைய மாடோ என்று விட்டிருப்பார். நான் கும்பிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு இருந்த நேரத்தில், கீழே அந்தக் கயிறு அறுந்திருக்கிறது.

நானாவின் தொலைபேசியில் மகளுக்கு எடுத்தேன். அவர் என்னை லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி வீதிக்குக் கொண்டுவந்தார். மகளும் மச்சாளும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். மச்சாள் ஒப்பாரி வைத்தாள். மகள் அழவில்லை. என் கிழிந்த கையைப் பார்த்தாள். மடியில் இருந்த செம்பைப் பார்த்தாள்.

"அப்பாதான் சொல்லாமல் போனார். நீங்களுமா அம்மா?"

அவளைக் கட்டிப்பிடித்தேன். அப்பா போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றுதான். அதுவரை அவளுக்குத் தெரியாமல் நானும், எனக்குத் தெரியாமல் அவளும் அழுதிருக்கிறோம்.

இந்த வருடம் ஆண்டுத் திவசம் முடிந்து, வழக்கப்படி நாள் பார்த்து, மகளும் நானும் வேலடி மலைக்குப் போனோம். இந்த முறை முன்வழியால், சங்கிலி பிடித்து. நேர்த்திக் கடன் என்று சொல்ல முடியாது. கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும் போகவேண்டும்போல இருந்தது. நானாவுக்குச் சொல்லியிருந்தேன். சுட்டி கன்று போட்டிருந்தாள். பாலோடு மலையடியில் நின்றார். "முட்ட முட்ட ஊத்துறன், சிந்தாமக் கொண்டு போங்க" என்று அவர் சொன்னபோது எனக்கு இவருடைய பகிடி நினைவு வந்தது. மஞ்சள் துணியின் கட்டை அவிழ்த்துச் செம்பை நீட்டினேன். செம்பு நெளிந்துதான் இருந்தது. ஒரு துளி ஒழுகவில்லை.

அன்பானவர்களே, என் கணவர் திரும்பி வரவில்லை. ஏன் தரவில்லை என்று நான் இப்போதும் கேட்கிறேன். பின்னேரத் தேத்தண்ணிக்கு இன்றும் ஒரு கோப்பை கூட எடுத்துவிட்டுத் திருப்பி வைக்கிறேன். ஆனால் கேட்பதை விடவில்லை. விளக்கு வைப்பதையும் விடவில்லை. உங்கள் வீட்டிலும் அவிழ்க்காத ஒரு கட்டு இருக்கும். கோபம் என்றால் கோபத்தோடு போங்கள். பால் இல்லையென்றால் வெறுஞ்செம்போடு போங்கள். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அடிக்கிற சத்தமும் அவனுக்குக் கேட்கும்.

உச்சியில் வேலுக்கு நான் பாலை ஊற்றினேன். பால் வேலில் இறங்கி, கல் வெடிப்பால் வழிந்து ஓடியது. பிறகு மகள் போத்தலில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். தண்ணீர் பட்ட இடமெல்லாம் மங்கிக் கிடந்த கல் ஒவ்வொன்றாக நிறம் பிடித்தது. முதலில் சிவப்பு. பிறகு கொய்யாப்பழ நிறம். பிறகு பச்சை. ஈரம் காயாத பெயின்ட்போல.

"அம்மா, இஞ்ச பாருங்கோ" என்றாள் மகள்.

பார்த்தேன். பாதியில் விட்டுப்போனவர் வந்து, கடைசிக் கோட்டை அடித்துவிட்டுப் போனமாதிரி இருந்தது.